கழற்றி வைத்த கதவு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நாம் பிரபாகரை விட்டுவந்தது அண்ணன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே, இளநீர் வண்டியின் ஓரத்தில். உள்ளே போகத் தைரியமில்லை, திரும்பிப் போக மனமில்லை. சாலை விளக்குகள் எரியத் தொடங்கும் வரை அங்கேயே நின்றான். பிறகு வழக்கம்போல உள்ளே போகாமலேயே நடந்துவிட்டான்.

அவன் நடந்து போனது தன் வீட்டுக்கு இல்லை.

அண்ணன் வீடுதான் அவன் வீடு. தாய் தகப்பன் போன பிறகு வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவனைத் திருப்பூருக்குக் கூட்டிவந்தவர் அண்ணன் அருள்குமார். ஒற்றை அறையின் நடுவே சேலையைக் கட்டி, ஒரு பக்கத்தைத் தம்பிக்கு என்று ஒதுக்கினார். மங்கலம் ரோட்டில் தண்டாயுதபாணியின் வேஸ்ட் குடோனில், தான் வேலை பார்த்த இடத்திலேயே அவனுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். அண்ணி பிரிசில்லாவுக்கும் அங்கேதான் வேலை.

பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுத் துணி மூட்டை மூட்டையாக அந்தக் குடோனுக்கு வரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பிரித்ததை மிஷினில் கொட்டி, இரும்புத் தட்டால் அழுத்தி, பேல் என்னும் பெரிய பொதியாகக் கட்டி, வடக்கே போகும் லாரியில் ஏற்றுவார்கள். அந்தத் தட்டுக்கு அடியில்தான் அருள்குமாரின் வலது கை நசுங்கிப்போனது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பட்டனை அழுத்தியவன் பிரபாகர்.

அன்றிலிருந்து அவன் அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. குடோனில் லோடு ஏற்றும் பீகார்க்காரர்கள் தங்கியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில், சுவரோரமாகப் பாய் விரித்துக்கொண்டான். அவர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். பாதிக்கு மேல் அவனுக்குப் புரியாது. அது அவனுக்குத் தோதாக இருந்தது. அங்கே யாரும் ‘அண்ணனுக்கு எப்படி இருக்குது’ என்று கேட்கமாட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் குடோனுக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. மத்தியானம் அருள்குமாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

அந்த அறையில் சுக்தேவ் என்று ஒருவன். பிரபாகரைவிடச் சற்று மூத்தவன். ரொட்டி சுடுவது அவன் பொறுப்பு. அன்று காலை இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, அவன் எதிரிலேயே குந்தி உட்கார்ந்தான். தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் காட்டி, எப்படி இருக்கிறது என்பதுபோல முகத்தை உயர்த்தினான்.

பிரபாகர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான். தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு இந்தி வார்த்தையை வைத்து, அண்ணன் இன்றைக்கு வீட்டுக்கு வருகிறார் என்று சொன்னான்.

“ஜாவ்” என்றான் சுக்தேவ். போய்ப் பார் என்று அர்த்தம். அது பிரபாகருக்குப் புரிந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தபோது, மேனேஜர் சுப்பையன் வாசலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார்.

சுப்பையன் கெட்டவர் இல்லை. விபத்து நடந்த அன்று, அருள்குமாரை வேனில் தன் மடிமீது சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தான். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தத்தோடு விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்று பிரபாகர் கேள்விப்பட்டிருந்தான். அதனால்தானோ என்னவோ, இந்தக் காலையில் அவர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேக்கரிக்குக் கூட்டிப் போய் டீ சொன்னார். தேங்காய் பன் வாங்கி அவன் முன்னால் வைத்தார். டீயை ஆற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“மிஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்கன்னு சொல்லோணும் கண்ணு. அண்ணன் சொல்லாமக் கொள்ளாமக் கைய உள்ள உட்டுட்டாருன்னு சொல்லோணும். அவ்வளவுதான்.”

சுப்பையன் டீயை ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

“வேற எதையாச்சும் பேசுனா, பட்டனை அமுக்குனவன் எவன்னு கேப்பாங்க. கேஸுன்னு வந்தா முதல்ல உன்ற பேருதான் வரும். முதலாளி வக்கீல் வெச்சு வெளிய வந்துருவாரு. நீ என்ன பண்ணுவ?”

அதில் மிரட்டல் இல்லை. நிஜமாகவே அவனுக்காகக் கவலைப்படுகிறவர் மாதிரிதான் சொன்னார். அதுதான் பிரபாகருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. சரி என்று தலையாட்டினான். பன்னைத் தொடவில்லை.

குடோனுக்குள் நுழைந்ததும் அவனுக்கு இடம் மாறி வந்துவிட்டதுபோல இருந்தது. எப்போதும் இருபது முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாகத் துணி பிரிக்கும் இடம். பஞ்சுத் தூசி காற்றில் மிதக்கும். அன்றைக்கு ஒருவரும் இல்லை. பெண்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டார்கள். தரை கூட்டிக் கழுவப்பட்டிருந்தது.

நடுவில் அந்த மிஷின் நின்றது. மிஷினுக்குக் கதவு வந்திருந்தது.

பிரபாகர் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். நீலப் பெயின்ட் அடித்து, புதுத் தாழ்ப்பாள் போட்டு, கச்சிதமாக மாட்டியிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தால்தான் மிஷின் ஓடும். திறந்தால் தானே நின்றுவிடும். அதற்காக வைத்த கதவு அது. அவன் விரலை வைத்துப் பார்த்தான். பெயின்ட் இன்னும் காயவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர். முதலாளி தண்டாயுதபாணி இளநீர் வெட்டச் சொன்னபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார். பையனிடம் தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முதலாளி போனார். சுப்பையன் மட்டும் வாசல் நிலையை ஒட்டி, காது எட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

பிரபாகரை உட்காரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்த வார்த்தைதான். மிஷினில் ஒரு குற்றமும் இல்லை என்று தொடங்க வேண்டும். வாயைத் திறந்தான். விரலில் ஒட்டியிருந்த நீலம் கண்ணில் பட்டது.

“இந்தக் கதவு அன்னைக்கு இல்லீங்க” என்றான்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. ஆனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தீபாவளிக்கு முன்பே கதவைக் கழற்றிவிட்டார்கள் என்றான். அவசர லோடு. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து சாத்தினால் நேரமாகிறது என்று மெக்கானிக்கை வைத்துக் கழற்றச் சொன்னார்கள். கதவு இல்லாமலும் மிஷின் ஓடுவதற்காக கதவு பதியும் இடத்தில் இருக்கும் ஸ்விட்சைப் பனியன் நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

அன்றைக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டின் மூலையில் துணி சிக்கிக்கொண்டது. ஒரு நாளில் எத்தனையோ தடவை சிக்கும்; கையை விட்டு இழுத்துவிடுவார்கள். அன்றைக்கும் அண்ணன் இழுத்துக்கொண்டிருந்தார். பட்டன் இருப்பது மறுபக்கம். நடுவில் பேல் அடுக்கியிருந்ததால் பிரபாகருக்கு அவரைத் தெரியவில்லை. போடலாமா என்று கத்திக் கேட்டான். ஜெனரேட்டர் இரைச்சலில் பதில் வந்தது போலத்தான் அவன் காதில் விழுந்தது.

“வரலீங்க. அண்ணன் பதிலே சொல்லலீங்க. எனக்குத்தான் அப்படிக் கேட்டுப்போச்சு. நான் அமுக்கிட்டனுங்க.”

வாசலில் சுப்பையன் திரும்பி நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு, அவன் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அருள்குமாரையும் அவர் விசாரித்திருக்கிறார்.

“உங்க அண்ணன் வேற மாதிரி சொன்னாரே தம்பி. கதவு எப்பவும் இருந்துச்சு, நான்தான் அவசரத்துல திறந்து கைய விட்டேன், யார் மேலயும் தப்பு இல்லேன்னு சொன்னார்.”

பிரபாகர் அவரையே பார்த்தான்.

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும் என்றார் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் பண்ணி மறுபடியும் கேட்பதாகவும், இரண்டு பேரையும் ஆபீசுக்கு வரச்சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது முதலாளி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுப்பையன்தான் கேட்டுவரை கூடவே வந்தார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் வந்துவிடாதே சாமி என்று மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மங்கலம் ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நூல் லாரிகளும் கம்பெனி வேன்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போயின. சாக்கடையில் அன்றைக்குச் சிவப்புச் சாயத்தண்ணீர். பிரபாகர் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்து மறுபடி நடந்தான். வழியில் பழக்கமான முகம் எதுவும் தென்படவில்லை. தென்பட்டாலும் இதை யாரிடம் சொல்வது? இத்தனை வருடத்தில் எதுவானாலும் அவன் போய்ச் சொன்ன ஒரே ஆள் அண்ணன்தான்.

அந்த அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார்?

யோசிக்க யோசிக்க ஒரே காரணம்தான் அவனுக்குப் பிடிபட்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போய் ஏதோ ஆசை காட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை, வாட்ச்மேன் வேலை, ஏதோ ஒன்று. அண்ணனும் அதற்குத் தலையாட்டியிருக்க வேண்டும். கை போனதற்கு அவ்வளவுதானா விலை? இத்தனை நாள் தூங்காமல், தின்னாமல், தன்னைத் தானே சபித்துக்கொண்டு அந்நியர்கள் நடுவில் கிடந்தது இதற்குத்தானா?

அவனுக்குக் கோபம் வந்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக வந்த கோபம். அத்தனை நாள் பாசத்தால் கூட்டிப்போக முடியாத வீட்டுக்கு அந்தக் கோபம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் வீட்டு வாசலில் அவர் மகள் யாழினி தனியாகச் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய், கட்டிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று காட்டினாள்.

“இந்தப் பக்கம் உக்காராதீங்க சித்தப்பா. அப்பாவுக்கு வலிக்கும்.”

அருள்குமார் கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தார். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில், முழங்கைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் வெள்ளைக் கட்டு முடிந்துபோயிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. பிரபாகர் இதை நூறு தடவை மனதுக்குள் பார்த்திருந்தான். எதுவும் இதற்கு ஈடாகவில்லை. வரும்போது தயாராக வைத்திருந்த கேள்வியை அவன் கேட்கவில்லை.

பிரிசில்லா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள் என்றார். குடோனிலிருந்து வந்தார்கள். சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்தார். ஊரிலிருந்துகூட ஆள் வந்தார்கள்.

“நீ மட்டும் வரல.”

“கேட்டு வரைக்கும் வந்தனுங்கண்ணா.”

“நான் பார்த்தேன்” என்றாள் பிரிசில்லா. இருவரும் திரும்பினார்கள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மாடி ஜன்னல்ல இருந்து தினமும் பார்த்தேன். இளநீர் வண்டிகிட்ட நிப்பீங்க. கூப்பிடோணும்னுதான் நினைப்பேன். வாய் வரல தம்பி.”

பிரபாகர் தலையைக் குனிந்துகொண்டான். தான் மட்டும்தான் தனியாக நிற்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும், மேலே ஒருத்தி அவனைப் பார்த்துக்கொண்டு அதே மாதிரி தனியாக நின்றிருக்கிறாள்.

பிறகு அவன் சொல்லிவிட்டான். இன்ஸ்பெக்டர் வந்ததைச் சொன்னான். கதவைப் பற்றிச் சொன்னதைச் சொன்னான். கடைசியில், குரல் உடைய, முதலாளி என்ன கொடுப்பதாகச் சொன்னார் என்று அண்ணனிடம் கேட்டான்.

அருள்குமார் நிமிர்ந்து உட்கார முயன்றார். ஊன்ற வலது கை இல்லாததால் ஒரு பக்கமாகச் சரிந்தார். பிரிசில்லா ஓடிவந்து தாங்கிப் பிடித்து, முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

“யாரும் ஒண்ணும் தரேன்னு சொல்லலடா” என்றார். “சுப்பையண்ணன் வந்து, கதவு இல்லேன்னு சொன்னா அமுக்குனவன் மேல கேஸு போகும்னாரு. அமுக்குனவன் நீ. நான் வேற என்ன சொல்லுவேன்?”

அருள்குமார் கட்டுப் போட்ட கையை மடிமீது இழுத்து வைத்துக்கொண்டார்.

“எனக்குக் கைதான் போச்சு. உனக்கு இருபத்திரண்டு வயசு. கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலைஞ்சா உன்ற வாழ்க்கையே போயிரும். நீ ஒரு நாள் உள்ள வந்திருந்தா, நான் இப்படிச் சொல்லப்போறேன், நீயும் இதையே சொல்லுன்னு சொல்லியிருப்பேன். வரலையேடா.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிரபாகர் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அண்ணனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவனுக்கு உடம்பு கூசியது. அவன் உண்மையைச் சொன்னான். அந்த உண்மையே இப்போது அண்ணனைப் பொய்யராக்கிவிட்டது. யாழினி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சித்தப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

போன் வந்தால் நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடுகிறேன், தம்பி பயத்தில் உளறிவிட்டான் என்று சொல்லிவிடுகிறேன் என்றார் அருள்குமார், சுவரைப் பார்த்தபடியே. வேண்டாம் அண்ணா, நானே ஆபீசுக்குப் போய் எல்லாம் என் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான் பிரபாகர். நீ சும்மா இரு என்றார் அவர். நீங்கள் சும்மா இருங்கள் என்றான் இவன்.

பிரிசில்லா கஞ்சியை இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிறீங்க. கதவைக் கழட்டச் சொன்னவங்களை யாரு கேக்கறது?”



அவள் குரல் உயரவில்லை. மெக்கானிக் கதவைக் கழற்றிய அன்றைக்கு, தான் அங்கேதான் உட்கார்ந்து வெள்ளைத் துணி பிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இது இல்லாவிட்டால் பரவாயில்லையா என்று முதலாளியிடமே கேட்டாளாம். உன் வேலையைப் பார் என்றாராம். பக்கத்தில் இருந்த பழனாயி அக்காவும் அதைக் கேட்டிருக்கிறாள். கழற்றிய கதவைச் சுவரோரம் போட்டுவிட்டார்கள். அதன் மேல்தான் பெண்கள் எல்லோரும் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை வைப்பார்கள்.

“அத்தனை பொம்பளைங்க பார்த்திருக்கோம். எங்கள்ல ஒருத்தரையும் யாரும் கேக்கல. இன்னைக்கு லீவு எதுக்கு உட்டாங்கன்னு இப்பத்தான் தெரியுது.”

அருள்குமார் பதறிப்போனார். நீ பேசினால் உன் வேலையும் போகும், இனி இந்த வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு சம்பளம்தான் என்றார். வேண்டாம் பிரிசில்லா என்று கெஞ்சினார். வார்டில் அவர் வலியில் கத்தின போதுகூட அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. இப்போது அவள் கண் நிறைந்துவிட்டது.

“தினமும் காலைல உங்களுக்குப் பட்டன் போட்டு உடப்போறவ நான். சோறு ஊட்டப்போறவ நான். என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு மட்டும் நான் வேண்டாங்களா?”

வெளியே பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து, குடங்கள் வரிசை கட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

அலமாரி மேலிருந்த செல்போன் அடித்தது.

அருள்குமாரின் வலது தோள் பழக்கத்தில் எழுந்தது. எழுந்து, எடுக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றது. பிரபாகர் தாவி எழுந்தான். அதற்குள் பிரிசில்லா போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

“அவரு இருக்காருங்க, சார். அவரு பேசறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பேசோணுங்க. என்ற பேரு பிரிசில்லா. அதே குடோன்ல வேலை பார்க்கறனுங்க.”

சொல்லுங்கம்மா என்ற இன்ஸ்பெக்டரின் குரல் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.